உறை போட்ட தண்ணீர்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறைக்கு வெயில் வராது. எதிர்வரிசை வீடுகள் மறித்து நின்றன. பனிக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கே அறை கறுத்துவிடும். அப்போது மீன் தொட்டியின் விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க ஒரு பச்சை வெளிச்சம் அசையும். கதவில் தொங்கும் ஜாக்கெட்டுகளும் சேர்ந்து அசைவது போலிருக்கும். வேலையால் வந்து சோபாவில் சாய்ந்தால் தொட்டி எங்கே முடிந்தது, நித்திரை எங்கே தொடங்கியது என்று தெரியாது. பல நாள் நான் தண்ணீருக்குள் கிடந்துதான் எழும்பியிருக்கிறேன்.

அந்தத் தொட்டியில் மீன் இருந்த நாட்களை விட, மீன் இல்லாமல் வெறும் தண்ணீர் நின்ற நாட்கள்தான் இப்போது கூடுதலாக ஞாபகம் வருகின்றன.

எண்பதுகளின் கடைசி. வீட்டில் ஐந்து ஆண்கள். எல்லாருக்கும் மூத்தவரை அண்ணை என்போம். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார், வீட்டில் சமையலும் அவர்தான். ஒரு தம்பி பெற்றோல் நிரப்பும் செட்டில் இரவு ஷிப்ட். இன்னொருவன் பேக்கரியில் வேலை செய்து விடியற்காலையில் மாவு மணத்தோடு வருவான். நாலாவது ஆள் படிப்பு, வேலை என்று ஓடித் திரிந்ததால் கண்ணில் படவே மாட்டான். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு லோண்டரியில். ஒருவன் எழும்பிய சூடு ஆறமுன் அதே கட்டிலில் அடுத்தவன் படுப்பான். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஆளையாள் பார்க்காமல் கிழமைகள் போகும். குசினியில் தேத்தண்ணிக் கோப்பை சூடாக இருந்தால் யாரோ இப்போதுதான் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வோம்.

தொட்டி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தந்தது. கடற்கரைப் பக்கம் மகளோடு இருக்கப் போவதாக அவர் வீட்டைக் காலி செய்தார். மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். மிஞ்சியது கண்ணாடித் தொட்டி, அடியில் போடும் சிறு கற்கள், தண்ணீரை இழுத்து வடிக்கும் ஒரு மோட்டர், அதற்குள் ஒரு பஞ்சு. பிறருக்குக் கொடுக்கிற சாமான் என்று கிழவர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, காயவைத்து, துடைத்துத்தான் தந்தார். பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த மனிதரின் மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊத்தையோடு தந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நல்லது என்று பிறகுதான் விளங்கியது.

நானும் பேக்கரித் தம்பியும் ஆளுக்கொரு முனையில் தூக்கி வந்தோம்.

"மெல்லமாப் பிடியுங்கோ. ஆரும் பாத்தால் கடை உடைச்சுக் கொண்டு போறாங்களெண்டு பொலிசுக்குப் போன் அடிப்பினம்."

"வெறும் தொட்டியை ஆரடா களவெடுப்பான்?"

"எங்களைப் பாத்தால் எடுப்பாங்கள் எண்டுதான் நினைப்பினம்."

குழாய்த் தண்ணீரால் நிரப்பினோம். லண்டன் தண்ணீர் தெரியும்தானே. கேத்தலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். தேத்தண்ணியை ஆறவைத்தால் மேலே ஆடை மாதிரி ஒரு மினுக்கம் மிதக்கும். சில நாளில் குழாயைத் திறந்தவுடன் நீச்சல் குளத்து மணம் வரும். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. மனிதர் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு ஆகாதா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த நாளே கடைக்குப் போய் மூன்று தங்கமீன் வாங்கி விட்டேன். இரண்டு முழுக்கச் செம்மஞ்சள், தோடம்பழ நிறம். மூன்றாவதற்கு முதுகில் பால் தெறித்தது போல ஒரு வெள்ளை.

மனைவியும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் வெளிக்கிட்டபோது மகள் தவழவும் தொடங்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குள் நின்று கதைப்பேன். மனைவி விசாக் கதையும் லொட்ஜ்காரியின் கதையும் சொல்லிவிட்டு, "இந்தாங்கோ, பிள்ளையோடை கதையுங்கோ" என்று கொடுப்பாள். பிள்ளை ஒருநாளும் என்னோடு கதைத்ததில்லை. மூச்சு மட்டும் கேட்கும். "சாப்பிட்டீங்களோ? அம்மா சொல்லுறதைக் கேக்கிறீங்களோ?" என்பேன். அதே மூச்சு. அதற்குப் பின்னால் லொட்ஜுக்கு முன்னால் ஓடும் காலி வீதி பஸ்ஸின் ஹோர்ன். மனைவி திரும்ப வாங்கி, "தலையாட்டுறாளப்பா" என்பாள். தலையாட்டுவது எனக்கு எப்படிக் கேட்கும்?

அன்றைக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

"அப்பா மீன் வாங்கியிருக்கிறன்."

மூச்சு நின்றது.

"கறிக்கோ?"

என் மகள் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

"இல்லையம்மா. வளக்கிறதுக்கு. கண்ணாடித் தொட்டிக்குள்ளை நீந்துது."

"என்ன நிறம்?"

"தோடம்பழ நிறம். ஒண்டுக்கு முதுகிலை வெள்ளை."

"நான் வரேக்கை இருக்குமோ?"

"இருக்கும்."

பெட்டியை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் நடந்தேனோ தெரியாது. வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். என்னைக் கண்டால் அந்தப் பிள்ளைக்கு ஆளைத் தெரியாது, குரலைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது முதுகில் வெள்ளை உள்ள ஒரு மீனை மட்டும்தான். அது அவள் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும்.

அந்தக் கிழமையே தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முதலில் தோடம்பழ நிறத்தில் ஒன்று செத்தது. ஊத்தைதான் காரணம் என்று நான் தண்ணீர் முழுவதையும் இறைத்து, கற்களை அரித்து, பஞ்சைச் சுடுதண்ணீரில் கிழவர் தந்தபோது இருந்த வெள்ளைக்குக் கொண்டுவந்து, புதுத் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு அதே கலங்கல். மற்றத் தோடம்பழமும் செத்தது. வெள்ளை முதுகு மட்டும் ஒரு மூலையில், செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் முன்னறைச் சோபாவில் போர்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் மகள் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். முகம் தெரியவில்லை, தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. ஏதோ கேட்கிறாள். கண்ணாடி விடவில்லை.

கதவுச் சத்தத்தில் விழித்தேன். பெற்றோல் செட்டுத் தம்பி. நான் போர்வைக்குள் கிடந்ததை அவன் கவனிக்கவில்லை. ஜாக்கெட்டையும் கழற்றாமல் தொட்டிக்குக் குனிந்து, "என்ன மச்சான், எழும்பிட்டியே?" என்று மீன் தீன் டின்னைத் திறந்து நல்ல ஒரு கிள்ளு போட்டான். மேலே போய்விட்டான். திரும்பக் கண் சொக்கியது. மாவு மணம் வந்தது. பேக்கரித் தம்பி நின்று, வேலையால் கொண்டுவந்த பணிஸைப் பிய்த்துத் தூளாக்கித் தூவினான். அதற்குப் பிறகு வந்தவனை முதலில் கனவு என்றே நினைத்தேன். கண்ணில் படாத அந்த நாலாவது ஆள், சப்பாத்தில்லாமல் வெறும் கால்மேசோடு மெத்தென்று இறங்கி வந்து, ஒரு பிஸ்கட்டில் பாதியைத் தான் கடித்து, மிச்சத்தைத் தண்ணீருக்குள் உதிர்த்துவிட்டுப் போனான்.

மத்தியானம் அண்ணை குளித்து, திருநீறு பூசி, வாழையிலை இல்லாததால் ஒரு கடுதாசித் தட்டில் சோறும் பருப்பும் கொண்டு வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஒரு பிடியைத் தண்ணீருக்குள் விட்டார்.

நான் எழும்பி இருந்துவிட்டேன். "அண்ணை! என்ன செய்யிறியள்?"

அவர் திடுக்கிட்டார். "உயிரோடைதான் கிடக்கிறியா? புரட்டாசிச் சனியடாப்பா. காகத்துக்கு வைக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

"உது காகமே?"

"மதிலிலை வைச்சால் பின்வீட்டு மனிசி எலி வருதெண்டு கவுன்சிலுக்குச் சொல்லுறாள். இதுகும் ஒரு உயிர்தானே."

அடுத்த நாள் ஞாயிறு. எல்லாரையும் குசினியில் ஒன்றாக இருத்தினேன். அது நடப்பதே அரிது என்பதால் அண்ணை வடையும் சுட்டார். நீங்கள் எல்லாரும் மீனுக்குச் சாப்பாடு போடுகிறீர்களா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் கொஞ்சம்தான்" என்றான் பேக்கரித் தம்பி.

"நானும் கொஞ்சம்தான்" என்றான் பெற்றோல் செட்டுத் தம்பி.

"நான் பிஸ்கட் மட்டும்" என்றான் நாலாவது ஆள்.

பெற்றோல் செட்டுத் தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் வரேக்கை இந்த வீட்டிலை ஒருத்தரும் எழும்பி இருக்கிறேல்லை. உதுதான் என்னைக் கண்டவுடனை கண்ணாடிக்குக் கிட்ட வரும். வந்த ஆளுக்குச் சாப்பாடு குடுக்காமல் விடுறதே?"

"அது வந்த ஆளில்லை, இருக்கிற ஆள்" என்றான் பேக்கரித் தம்பி. "வந்த ஆள் நீதான்."

"அண்ணையும் போட்டவர். சோறு! அண்ணை, சனீஸ்வரன்ரை வாகனம் காகம். தங்கமீனில்லை" என்றேன் நான்.

"லண்டனிலை அவர் எதிலை வாறாரெண்டு நீ கண்டனியோ?" என்றார் அண்ணை.

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் நான் மகள் கேட்டதைச் சொன்னேன். கறிக்கோ என்று கேட்டதற்குத் திரும்பச் சிரித்தார்கள். நான் வரும்போது இருக்குமா என்று கேட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "விசர்ப் பயலே. இதை முதலே சொல்லியிருக்கலாமே."

கலங்கின தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு ஜாம் போத்தலில் எடுத்துக்கொண்டு மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரி ஒரு வெள்ளைக்காரி, சட்டைக் கை எப்போதும் முழங்கை வரை நனைந்திருக்கும். சின்னக் குழாயில் என் தண்ணீரை விட்டு ஏதோ மருந்து சொட்டினாள். மஞ்சளாக நிற்க வேண்டியது கடும்பச்சையாகப் போனது. எத்தனை மீன் என்று கேட்டாள். ஒன்று என்றேன். ஒரு மீனின் தண்ணீர் இல்லை இது, ஒரு கூட்டம் சாப்பிட்ட தண்ணீர் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அவள் சொன்னதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மிஞ்சிய சாப்பாடும் மீனின் கழிவும் அழுகித் தண்ணீரை நஞ்சாக்கும். பழைய தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் குடியிருந்து அந்த நஞ்சைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அவை வந்து குடியேறக் கிழமைக்கணக்கில் ஆகும். நான் பஞ்சைக் கழுவக் கழுவ, வந்து சேர்ந்த ஒன்றிரண்டையும் கொன்றிருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் அந்த மணத்தைத் தரும் குளோரினும் அவற்றைக் கொல்லும், அதனால் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்துத்தான் விட வேண்டும்.

புதிதாக மீன் கேட்டேன். தர மாட்டேன் என்றாள். மீன் விற்கிறவள் மீன் இல்லை என்று சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. வெள்ளை முதுகைக் கொண்டுவா, தண்ணீர் சரிவரும்வரை என்னிடம் நிற்கட்டும் என்றாள். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது தன் பெரிய தொட்டியின் பஞ்சை எடுத்து என் ஜாம் போத்தலுக்குள் பிழிந்தாள். கறுத்த, தடித்த ஊத்தை. குளிர் படாமல் கொண்டுபோ என்றாள். பஸ்ஸில் அதைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனிசி மூக்கைச் சுளித்துவிட்டு எழும்பி வேறு சீற்றுக்குப் போனாள்.

அண்ணை போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "என்ன கண்றாவியடா இது?"

"உறை, அண்ணை."

"எதுக்கு?"

"தண்ணிக்கு. தயிருக்குப் போடுற மாதிரி."

அவ்வளவுதான், மனிதர் விளங்கிக்கொண்டார். அந்தக் குளிர் வீட்டில் தயிர் உறையப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சட்டியைப் பழைய ஸ்வெட்டரால் சுற்றிக் கொதிகலன் அலுமாரிக்குள் வைப்பார். ஊத்தையைத் தொட்டிக்குள் விட்டோம். தண்ணீர் கறுத்து, சுழன்று, மெல்ல மெல்ல அடங்கியது. மறுநாள் காலை வந்து பார்த்தேன், தொட்டியைச் சுற்றி அண்ணையின் கம்பளிப் போர்வை.

அடுத்த சனிக்கிழமை அவர் சோற்றுப் பொட்டலத்தோடு பக்கத்து வான்ஸ்டெட் புல்வெளிக்கு வெளிக்கிட்டார். நானும் போனேன். மூடுபனி. புல்வெளி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மரங்கள் வேர் இல்லாமல் நின்றன. அண்ணை கடுதாசியை விரித்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டார். நாயோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒன்று இறங்கியது. நம்முடைய காகத்தை விடப் பெரிது, கழுத்தில் சாம்பல் இல்லை. சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பருப்பை மட்டும் தின்றது.

"சோறு பழக்கமில்லைப் போலை" என்றேன்.

"பழகும்" என்றார் அண்ணை.

காய்ச்சலால் ஒரு ஞாயிறு தவறிப்போய், மகளின் ஞாயிறு வந்தது. பெட்டிக்குள் நின்று காசைப் போட்டேன். மீனைப் பற்றிக் கேட்டாள். இரண்டு செத்துப்போனதைச் சொன்னேன். ஒன்று வேறு வீட்டில் நிற்கிறது என்றேன். நீண்ட மூச்சு. இனிக் கதைக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப தொட்டிக்குள்ளை என்ன இருக்கு?"

"தண்ணி மட்டும்."

"தண்ணி என்ன செய்யுது?"

"பழகுது அம்மா. மீன் வந்து இருக்கிறதுக்குப் பழகுது."

"அது எப்பிடிப் பழகும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், உறை, அண்ணையின் போர்வை. போர்வைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடலைத் தாண்டிக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, நான் அடுத்ததைச் சொல்லத் தொடங்கியபிறகு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மனைவி விசாக் கதையைச் சுருக்கமாக முடிக்க வேண்டி வந்தது. "இந்தாங்கோ, உங்கடை தண்ணிக்காரி பறிக்கிறாள்" என்று கொடுப்பாள்.

உறைக்கும் சாப்பாடு வேண்டும், ஒரு துணுக்கு மீன் தீன் போடு என்று கடைக்காரி சொல்லியிருந்தாள். அந்தப் பொறுப்பைப் பெற்றோல் செட்டுத் தம்பி கேட்டு வாங்கினான். துணுக்கை நகத்தின் மேல் வைத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் போடுவான். வெறும் தண்ணீருக்கு முன்னால் அவன் சோபாவில் இருந்தபடியே நித்திரையாவதை நான் வேலைக்குப் போகும்போது காண்பேன். தண்ணீர் ஒரு கட்டத்தில் இன்னும் மோசமாகிப் பிறகு தெளிந்தது. கல்லில் பழுப்பாக ஒரு பூச்சு வந்தது. தொட்டால் வழுக்கியது. கழுவ வேண்டும் என்று கை துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கடைக்காரியின் குழாய் கடும்பச்சையிலிருந்து இளம்பச்சைக்கு வந்து, ஒருநாள் மஞ்சளிலேயே நின்றது. அவள் வலையை எடுத்து வெள்ளை முதுகைப் பிடித்துத் தந்தாள்.

விசா கிடைத்து, பொங்கலுக்கு முன்னால் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். ரெலிபோனில் அவ்வளவு கதைத்த பிள்ளை. நான் குனிந்தால் அவள் மற்றப் பக்கம் போனாள். என் குரல் வேறு, நான் வேறு போலிருக்கிறது. மனைவி, "அப்பாவம்மா, தண்ணிக்கார அப்பா" என்றாள். மகள் என் சப்பாத்தைத்தான் பார்த்தாள்.

வீட்டில் முன்னறையை எங்களுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே நெருங்கியிருந்தார்கள். மகள் நேரே தொட்டிக்குப் போனாள். வெள்ளை முதுகு கண்ணாடிக்குக் கிட்ட வந்தது. அவள் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் கிட்டப் போனேன், அவள் நகர்ந்துவிட்டாள். பிறகு நான் போகவில்லை. சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்கள் அப்படியே போயின. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் தாயிடம், "அம்மா, அவரைக் கேளுங்கோ, மீன் படுக்கிறேல்லையோ?" என்பாள். நான் தாயிடமே பதில் சொல்வேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன, ஒரே அறைக்குள்ளை இருந்துகொண்டு நான் ரெலிபோன் பெட்டியோ?"

"இருக்கட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் கொஞ்சத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். முதல் நாளே வாளியில் பிடித்து வீட்டு நடையில் வைத்திருந்தேன். மனைவி குசினியில் அண்ணையோடு நின்றாள். நான் வாளியைத் தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் வந்து வாளிக்குள் விரலை விட்டாள். உடனே எடுத்துவிட்டாள்.

"குளிருது" என்றாள். சுற்றிப் பார்த்தாள். தாய் இல்லை. "மீனுக்குக் குளிராதோ?"

என்னைத்தான் கேட்டாள்.

"குளிரும்" என்றேன். "ரெண்டும் ஒரே சூட்டிலை இருக்க வேணும். நீங்கள் ஒரு கையை இதுக்குள்ளை வையுங்கோ, மற்றக் கையைத் தொட்டிக்குள்ளை வையுங்கோ. நான் சுடுதண்ணி விடுறன். ஒரே மாதிரி வந்தவுடனை சொல்லுங்கோ."

நாற்காலியில் ஏறி ஒரு கையைத் தொட்டிக்குள் விட்டாள். மற்றக் கை வாளிக்கு எட்டவில்லை. வாளியை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்தேன். கேத்தலைக் கொண்டுவந்து கைக்குத் தூரமாகக் கொஞ்சம் விட்டுக் கலக்கினேன்.

"இப்ப?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம்.

"இப்ப?"

கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தக் கைக்கு இன்னும் குளிருது."

வெளியே பனிக்கால இருட்டு. தொட்டி வெளிச்சம் அவளுடைய முழங்கையில் அசைந்தது. வெள்ளை முதுகு அவள் விரல்களுக்குள் வந்து நின்றது. அவள் அசையவில்லை, மூச்சும் விடவில்லை.

"சொல்லுங்கோவன், சூடு போதுமோ?"

"பொறுங்கோ" என்றாள் மெதுவாக. "மீன் போகட்டும்."

மீன் போகவில்லை. நான் கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். வாளித் தண்ணீர் மீண்டும் ஆறிவிட்டது.